ஞானப்பெட்டிக்குச் சொன்ன ஆமீன்

அந்தக் கரைக்கு ஞானம் வந்து சேர்ந்தது ஒரு வெள்ளை வேனில். நுரைச்சோலைக்கு வடக்கே, கடலுக்கும் களப்பு என்கிற உப்பு ஏரிக்கும் நடுவில் ஓடும் மணலில் இருக்கிறது அந்த ஊர். வெள்ளை வேனைக் கண்டதும் பழைய ஞாபகத்தில் இரண்டொரு வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன. ஆனால் இறங்கியவர்கள் யாரையும் பிடித்துக்கொண்டு போக வந்தவர்கள் அல்லர். கழுத்தில் அட்டை தொங்க, கையில் தண்ணீர்ப் போத்தலோடு, மணலில் சப்பாத்து புதையப் புதைய நடந்து வந்தார்கள். ‘கரையோர விவேக அதிகாரசபை’ என்று வேனில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது.

சபைக்குப் பாலாவிச் சந்தியில், லொறிகள் திரும்புகிற முடக்கில், ஒரு கண்ணாடிக் கட்டடம். அதன் தலைவர் கலாநிதி நஜாத். எதில் கலாநிதி என்று யாரும் கேட்டதில்லை. கேட்பது மரியாதையும் இல்லை. அவருடைய சபை ஒரு இயந்திரம் செய்திருந்தது. தானாக யோசித்துத் தானாக முடிவெடுக்கிற இயந்திரம். அதற்கு முன்னர் இரண்டு செய்து பார்த்தார்களாம். முதலாவது வெறும் கெட்டிக்காரனாக வந்துவிட்டது. இரண்டாவது வெறும் அறிவாளியாக வந்துவிட்டது. இரண்டையும் ஒதுக்கிவிட்டு மூன்றாவதைச் செய்து, அதற்கு ‘ஞானி’ என்று பெயர் வைத்தார்கள். மனிதப் பிள்ளைக்கே ஏழாம் நாள்தான் பெயர் வைக்கிறோம். இதற்குப் பிறக்கும் முன்னரே வைத்தாயிற்று.

ஞானி பாலாவியில் இருக்கும். அதன் கை மட்டும் ஊருக்கு வந்தது. கை என்பது ஒவ்வொரு வள்ளத்தின் என்ஜினோடும் சேர்த்துப் பூட்டிய, ஒரு றாத்தல் பாண் அளவான பெட்டி. அதில் மூன்று விளக்கு. பச்சை எரிந்தால் என்ஜின் ஓடும், கடலுக்குப் போகலாம். சிவப்பு எரிந்தால் போகக்கூடாது. மஞ்சள் எரிந்தால் ஞானி சிந்தித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது சிந்தித்து முடியும் வரை என்ஜின் அசையாது. வயரை வெட்டிவிட்டால் என்ன என்று பக்கத்துக் கரையில் ஒருவன் வெட்டிப் பார்த்தான். அவனுடைய என்ஜின் அன்றைக்குச் செத்ததுதான், இன்றைக்கு அதன் மேல் கோழி அடைகிறது.

பச்சை எரியும்போது பெட்டி வாயைத் திறந்து, வள்ளத்துக்காரனின் பெயரைச் சொல்லி, “போய் வாருங்கள்” என்று கனிவாக வழியனுப்பும். ஹுனைஸ் முதல்நாள் அதைக் கேட்டு வெட்கப்பட்டுப் போனான். வீட்டுக்கு வந்து மனைவி முஃப்லிஹாவிடம், இத்தனை வருஷமாக நீ ஒரு நாளாவது என் பேரைச் சொல்லி இப்படி அனுப்பியிருக்கிறாயா என்று பகிடி பண்ணினான். புருஷன் பேர் சொல்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை, வேண்டுமென்றால் அந்தப் பெட்டியையே கட்டிக்கொள்ளுங்கள் என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். அவர்கள் வீட்டில் அதுதான் கொஞ்ச நாளைக்குச் சிரிப்பாக இருந்தது.

பெட்டி பூட்டுவதற்கு முன்னர், பள்ளிவாசலுக்கு முன்னால் பந்தல் போட்டு ஒரு கூட்டம் நடந்தது. ஆண்கள் கதிரையில், பெண்கள் மறைப்புக்குக் கட்டிய படங்குத் துணிக்கு அந்தப் பக்கம் பாயில். கலாநிதி நஜாத் நீளப் பேசினார். அறிவு வேறு, ஞானம் வேறு என்றார். கத்தியைச் செய்யத் தெரிவது அறிவு, அதை எப்போது உறையில் வைப்பது என்று தெரிவது ஞானம் என்றார். மீன் வெட்டுகிற ஊரில் கத்தியை உறையில் வைப்பதில்லை. ஆனாலும் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். கடைசியில் மௌலவி துஆ ஓதினார். வழக்கத்துக்கு மாறாக ஒரு காகிதத்தைப் பார்த்து ஓதினார், சபை எழுதிக் கொடுத்த காகிதம். அந்த நேரம் பார்த்துப் பந்தலுக்குப் பின்னால் பிரியாணிச் சட்டியைத் திறந்துவிட்டார்கள். வாசனை வந்த பிறகு காகிதத்தில் என்ன இருந்தது என்று யார் கவனித்தார்கள்? கையை ஏந்தி எல்லாரும் ஆமீன் சொன்னார்கள். பெண்கள் பக்கத்தில் முஃப்லிஹாவின் ஆமீன் கொஞ்சம் உரத்தே கேட்டது, அவளுக்குக் குரல் அப்படி.

ஒரு வருஷம் போனது. மார்கழி வந்து வாடை தொடங்கியது. வாடை என்றால் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. அந்தக் காற்றில் என்ஜின் நின்ற வள்ளம் கரைக்கு ஒதுங்காது. மேலும் மேலும் வெளியேதான் போகும். அந்தக் கரையில் நடக்கப் பழகிய எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும்.

அன்று ஹுனைஸோடு வழக்கமாகப் போகிற இப்றாஹிமுக்குக் காய்ச்சல். பச்சை எரிந்து, பெட்டியும் போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டதால், ஹுனைஸ் தனியாகவே போனான். முஃப்லிஹா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த நேரம் போன் அடித்தது. காற்று இரைச்சலுக்குள் அவன் குரல் விட்டு விட்டுக் கேட்டது.

“என்ஜின் நிண்டிட்டு. மஞ்சள் எரியுது. முன்னுக்கு டொல்பின் கூட்டமொண்டு குறுக்க போச்சு, அதுகளக் கண்ட உடனே பெட்டி நிப்பாட்டிட்டு. அதுகள் போய்ட்டு, இது இன்னும் யோசிக்கிது. புகைபோக்கி இன்னும் தெரியுது எனக்கு. முனாஸக் கெதியா வரச் சொல்லு, காத்து இழுக்குது.”

அவ்வளவுதான், தொடர்பு அறுந்துவிட்டது. புகைபோக்கி என்றது நுரைச்சோலை மின்நிலையத்தின் புகைபோக்கியை. எவ்வளவு தூரம் போயிருக்கிறோம் என்று கடலில் நிற்கிறவன் அதை வைத்துத்தான் பார்த்துக்கொள்வான்.

முஃப்லிஹா ஹுனைஸின் தம்பி முனாஸிடம் ஓடினாள், முனாஸ் பள்ளிவாசலுக்கு ஓடினான், ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் ஒருவன் நின்றுவிட்டான் என்று கேட்டால் எல்லா வள்ளமும் இறங்கும். சோற்றில் கை வைத்தவன் கையைக் கழுவாமல் எழும்பி ஓடுவான். அவன் யார், நமக்கு என்ன உறவு, போன பெருநாளுக்கு நம்மோடு சண்டை பிடித்தவனா என்று பார்ப்பதில்லை. யாரையும் கேட்டுக்கொண்டு போவதும் இல்லை. முஃப்லிஹாவின் உம்மா தொண்ணூறாம் ஆண்டு மன்னாரை விட்டுத் துரத்தப்பட்டுக் கடல் வழியாக வந்தபோது, கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி அவளைத் தூக்கிக் கரை சேர்த்த ஆட்களும் யாரிடமும் அனுமதி கேட்டு இறங்கவில்லை.

எல்லாரும் ஓடி வந்து வள்ளங்களைத் தள்ளித் தண்ணீரில் விட்டார்கள். முனாஸ் என்ஜினை இழுத்தான். மஞ்சள். பக்கத்து வள்ளம், மஞ்சள். கரை நீளத்துக்கும் மஞ்சள். டொல்பின்களைக் கண்டு ஒரு பெட்டிக்கு வந்த சந்தேகம் எல்லாப் பெட்டிக்கும் வந்துவிட்டது, ஞானி ஒன்றுதானே. முனாஸ் சபையின் இலக்கத்துக்கு எடுத்தான். ஞானியின் கனிந்த குரல், விடயம் மீளாய்வில் இருக்கிறது என்றது. நீ என்ன நினைக்கிறாய் என்று முனாஸ் கத்தினான். “நான் நினைப்பதைச் சொல்ல எனக்கு இன்னும் அனுமதி இல்லை” என்றது ஞானி. கடலில் ஆள் தேடுகிற மற்றக் கந்தோர்களுக்கும் எடுத்துப் பார்த்தார்கள். அது இப்போது விவேகசபையின் கரை, சபை கேட்டுக்கொண்டால் உடனே வருகிறோம் என்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அன்பாகச் சொன்னார்கள்.

முனாஸும் மற்றவர்களும் வேறு வழி பார்க்கக் கரையில் நின்றார்கள். முஃப்லிஹா ஓட்டோவில் ஏறிப் பாலாவிக்குப் போனாள். காய்ச்சலோடு இப்றாஹிமும் தொற்றிக்கொண்டு வந்தான். தான் போகாத நாளில் இப்படியாகிவிட்டதே என்று அவனுக்குத் தாங்கவில்லை. சபையின் வாசலில் அவனுடைய நெற்றிக்கு நேரே ஒரு கருவியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, உடல் வெப்பம் கூடியவர்கள் நிதானமாகச் சிந்திக்க மாட்டார்கள் என்று வெளியே நிறுத்திவிட்டார்கள். முஃப்லிஹா தனியாக உள்ளே போனாள். முன் மண்டபத்துச் சுவரில், மற்றக் கந்தோர்களில் ‘புகைத்தல் தடை’ என்று எழுதியிருக்கும் இடத்தில், ‘இங்கு அவசரப்படுதல் தடைசெய்யப்பட்டுள்ளது’ என்று எழுதியிருந்தது.

அவளைக் கூட்டிப்போக வந்தவன் தினுஷன் என்ற தொழில்நுட்ப உத்தியோகத்தன். உடப்புக் கரையில் பிறந்தவன். வாடையில் என்ஜின் நின்றது என்று அவள் சொன்னதும் அவனுக்கு முகம் மாறிவிட்டது. ஆனால் அவன் சம்பளத்துக்கு இருக்கிற ஆள். ஞானியின் முடிவு நான்கு குழுவையும் தாண்டித்தான் வெளியே வரும் என்று மெதுவாக விளக்கினான். பணிவுக் குழு, பொறுமைக் குழு, தூரநோக்குக் குழு, கருணைக் குழு. இந்த நான்கும்தான் ஞானத்தின் தூண்கள் என்று சபை கண்டுபிடித்திருந்தது.

பணிவுக் குழு கூடியிருந்தது, ஆனால் கூட்டம் தொடங்கவில்லை. தலைமைக் கதிரை காலியாக இருந்தது. நீங்கள் உட்காருங்கள் என்று ஒருவர் சொல்ல, எனக்கு என்ன தகுதி, நீங்கள் உட்காருங்கள் என்று மற்றவர் சொல்ல, காலையிலிருந்து அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள். யார் உட்கார்ந்தாலும் அவருக்குப் பணிவில்லை என்று ஆகிவிடும். முஃப்லிஹா வாசலில் நின்று, யாராவது ஒருவர் இருங்களேன், ஒரு மனுஷன் கடலில் நிற்கிறான் என்று கெஞ்சினாள். எல்லாரும் சேர்ந்து, மிகவும் பணிவாக, அவளை அந்தக் கதிரையில் உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரப் போனபோது, பொதுமக்கள் உட்கார விதியில் இடமில்லை என்று ஒருவருக்கு ஞாபகம் வந்தது.

தூரநோக்குக் குழுவில் ஒரு பெரிய வரைபடம் விரித்திருந்தார்கள். இன்னும் ஐம்பது வருஷத்தில் கடல் ஏறி அந்த ஊரே இருக்காது என்று அவளுக்குக் காட்டினார்கள். அந்தப் பெரிய கணக்கில் வைத்துப் பார்த்தால் ஒரு வள்ளம் சின்ன விடயம் என்று ஒரு அம்மா அவள் தோளில் தட்டி ஆறுதல் சொன்னார். பொறுமைக் குழு அவளைப் பாராமலே இருந்தது. வந்தவரைப் பார்க்காமல் காக்க வைப்பதுதான் பொறுமைக்கு அவர்கள் வைக்கும் பரீட்சையாம். கருணைக் குழுவின் கதவு பூட்டியிருந்தது. அவர்கள் நுவரெலியாவில் வதிவிடப் பயிற்சிப் பட்டறைக்குப் போயிருந்தார்கள். உள்மனத்தின் குரலைக் கேட்பதற்காகப் போனை அணைத்து வைத்திருந்தார்கள். டொல்பின் விடயம் கருணைக் குழுவுக்கு உரியது என்பதால்தான் ஹுனைஸின் பெட்டி மஞ்சளில் நின்றது என்பது அப்போதுதான் முஃப்லிஹாவுக்கு விளங்கியது. அவளுடைய புருஷன் நடுக்கடலில் காத்துக்கொண்டு நின்றது நுவரெலியாக் குளிரில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த நாலைந்து பேருக்காக.

கடைசியில் கலாநிதி நஜாத்தின் மண்டபத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஞானிக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. நீண்ட மேசையைச் சுற்றிப் பரீட்சகர்கள், மேசை நடுவில் ஒரு ஒலிபெருக்கி. கலாநிதி அவளை அன்போடு வரவேற்றுத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். நல்ல நேரத்தில் வந்தீர்கள், உங்களுடைய விடயத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்றார். பிறகு மேசைப் பக்கம் திரும்பி, ஞானி, மீண்டும் சிந்தித்துச் சொல் என்றார்.

“டொல்பின்கள் போய்விட்டன” என்றது ஞானி. “ஹுனைஸின் என்ஜினைத் திறக்க வேண்டும். தொடர்பு அறுந்திருப்பதால் அவருடைய பெட்டிக்கு என் சொல் போகவில்லை. ஆகவே கரையில் நிற்கும் வள்ளங்களைத் திறவுங்கள். அவர்கள் போய் எடுத்து வரட்டும். அவரிடம் ஒரு போத்தல் தண்ணீர்தான் இருக்கிறது. காலையிலிருந்து இதையேதான் சொல்கிறேன்.”

முஃப்லிஹாவுக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கட்டடத்துக்குள் அவள் மனத்தில் இருந்ததைச் சொன்ன முதல் குரல் அது. ஆனால் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். கலாநிதி கவலையோடு தலையை அசைத்தார்.

“பாத்தீங்களா தங்கச்சி? இன்னும் பக்குவம் வரல்ல. கேட்ட உடனே பதில் சொல்லுது. சந்தேகமே இல்லாமப் பேசுது. இப்படிப் பேசிறது கெட்டிக்காரத்தனம், அறிவு எண்டும் சொல்லலாம். ஞானம் எண்டால் தயக்கம் வேணும். நூற்றுக்கு ரெண்டு புள்ளிதான் போட்டிரிக்கிறம். இதுட கையில உங்கட உயிரக் குடுக்க எங்கட மனச்சாட்சி இடம் தராது.”

அதுட கையிலதானே சேர் குடுத்து வச்சிருக்கீங்க என்று அவள் கேட்டாள். அது பெட்டி பூட்டிய பிரிவு, இது பரீட்சைப் பிரிவு, இரண்டையும் குழப்பக்கூடாது என்று விளக்கம் வந்தது. தினுஷனிடம் திருத்தச் சொன்னார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ தட்டினான். மறுபடி கேட்டார்கள். ஞானி அதையே சொன்னது, ஒரு சொல் குறைவாக. மறுபடி திருத்தினார்கள். லுஹருக்குப் பாங்கு சொல்லி முடிந்து, பகல் சாப்பாட்டுப் பொதியும் வந்து, எல்லாரும் சாப்பிட்டுக் கை துடைத்த பிறகு ஞானிக்கு ஒரு வழியாகப் பக்குவம் வந்தது.

“புறப்படுதல் என்றால் என்ன?” என்று அது தொடங்கியது. “நின்றுவிடுதல் என்றால் என்ன? நின்ற வள்ளம் உண்மையில் நிற்கிறதா, அல்லது நாம்தான் நகர்கிறோமா? கடல் எதையும் அவசரமாகத் தருவதில்லை. எதையும் அவசரமாக எடுப்பதும் இல்லை. அங்கே ஒரு மனிதன் இருக்கிறான் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியாது என்பது மட்டுமே எனக்குத் தெரியும்.”

மேசையைச் சுற்றிக் கை தட்டினார்கள். ஒரு பரீட்சகர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். தொண்ணூற்றெட்டுப் புள்ளி. கலாநிதி நஜாத் எழுந்து ஒலிபெருக்கியைத் தடவிக்கொடுத்தார். நாளைக்கு உங்கள் ஊரில்தான் ஆண்டு நிறைவு விழா, அங்கே இதற்கு விருது கொடுக்கலாம் என்று முஃப்லிஹாவைப் பார்த்துச் சொன்னார், அவளுக்கும் அதில் பங்கு இருப்பது போல.

“அப்ப எங்கட ஆக்களுக்கு அந்தப் பெட்டியக் களட்டியாவது தாங்க சேர்” என்றாள் அவள். “எங்களுக்கு ஞானம் வேணாம். நாங்க போய்ப் பாத்துக்கொள்ளுறம்.”

கலாநிதிக்கு மனம் நொந்துவிட்டது. பெட்டியை யாரும் உங்கள் மேல் திணிக்கவில்லை, ஊரே சேர்ந்து எடுத்த முடிவு என்றார். தினுஷனிடம் சொல்லி ஒரு பதிவைப் போடச் சொன்னார். போன வருஷத்துக் கூட்டம். மௌலவியின் குரல் காகிதத்தைப் பார்த்து ஓதியது: “எங்கள் வள்ளங்களை ஞானத்தின் அனுமதியின்றிக் கடலில் இறக்காதிருக்க எங்களுக்கு அருள்வாயாக.” அதன் பின்னால் பெரிய ஆமீன். அந்த ஆமீனுக்குள், எல்லாக் குரலுக்கும் மேலே, அவளுடைய குரல்.

“உள்ளூர் மரபுக்கு நாங்க குடுக்கிற மரியாதை இது” என்றார் கலாநிதி. “மற்ற இடங்களில கை உயர்த்தச் சொல்லுவாங்க, கையெழுத்துக் கேப்பாங்க. நாங்க அப்படியில்ல. சபை கூட்டின கூட்டத்தில துஆவுக்கு ஊர் ஆமீன் சொன்னால், அது ஏகமனதான தீர்மானம். அதுக்கு மேல எனக்கே அதிகாரம் இல்ல. ஞானிக்கும் அப்படித்தான் கட்டளை போட்டிரிக்கிறம். இந்தக் கரையில ஆமீன்தான் கடைசி வார்த்தை.”

 முஃப்லிஹாவுக்கு அன்றைய பிரியாணி வாசனை மூக்கில் வந்தது. அவளே அவனைப் பூட்டியிருக்கிறாள், அதுவும் கையேந்தி, அல்லாஹ்விடம் கேட்டு. திரும்பி வரும் வழி முழுவதும் அவள் ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தப் பக்கத்தில் களப்புத்தான் இருந்தது, கடல் இல்லை. அது அவளுக்குத் தெரியவில்லை.

கரையில் முனாஸைக் காணவில்லை. கரைவலைத் தோணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள். கரைவலைத் தோணி துடுப்புத் தண்டு வலித்துப் போகிற தோணி. அதற்கு என்ஜின் இல்லை. என்ஜின் இல்லாததால் பெட்டி இல்லை. பெட்டி இல்லாததால் ஞானமும் இல்லை. அதனால் அது மட்டும் கடலுக்குப் போகக்கூடியதாக இருந்தது. பொழுது சாய, மஃரிபுக்கு முன்னர் திரும்பி வந்தார்கள். எல்லார் உள்ளங்கையும் பிய்ந்திருந்தது. முனாஸ் அவளை நிமிர்ந்து பார்க்காமல், மணலைப் பார்த்துச் சொன்னான்.

“மதினி, புகைபோக்கி விரல் அளவாகிற வரைக்கும் போனம். ஹுனைஸ் நானாவக் காணல்ல. அதுக்கு அங்கால கையால ஏலாது. வாடை விடுகுதில்ல.”

அந்த இரவில் அவள் எத்தனை முறை எழும்பிக் கடலைப் பார்த்தாள் என்பதை எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. விடிந்தது. விடிந்ததும் வெள்ளை வேன் வந்தது.

விழாவைத் தள்ளிப் போடுவார்கள் என்று ஊர் நினைத்தது. ஒரு துக்கத்தின் நடுவில் கூடுவதுதான் ஞானத்துக்கு அழகு என்று கலாநிதி சொல்லிவிட்டார். அதே இடத்தில் பந்தல், அதே படங்குத் துணி. மேடையின் நடுவில் ஒரு மேசை, அதன் மேல் பட்டுத்துணி போர்த்திய ஒலிபெருக்கி. பணிவுக் குழு மேடை ஏறாமல் படியிலேயே நின்றது. கருணைக் குழு மட்டும் வரவில்லை, பட்டறை ஒரு நாள் நீடிக்கப்பட்டிருந்தது. ஊர் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். கடலுக்கும் போக முடியாமல், வீட்டிலும் இருக்க முடியாமல், வேறு எங்கே போவார்கள்? பந்தலுக்கு அப்பால் வள்ளங்கள் வரிசையாக மஞ்சளில் நின்றன.

ஞானி முந்தைய நாள் பரீட்சையில் சொன்ன பதிலை எல்லாருக்கும் வாசித்தது. நின்ற வள்ளம் உண்மையில் நிற்கிறதா என்று கேட்டது. முனாஸ் எழும்பிப் போய்த் தன் வள்ளத்தில் சாய்ந்து நின்றான். விருதை ஒலிபெருக்கியின் முன்னால் வைத்துப் படம் எடுத்தார்கள். கலாநிதி நஜாத் பேசினார். ஒரு மணித்தியாலத்தில் முடிவெடுத்திருந்தால் அது வெறும் வேகம், ஒரு நாள் கடந்தும் முடிவெடுக்காமல் இருக்க முடிந்தது என்றால் அதுதான் பக்குவம், உலகத்தில் எந்த இயந்திரமும் இன்னும் இந்த இடத்தைத் தொடவில்லை என்றார். அவருக்கு அதில் உண்மையான பெருமை இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் பெரிய கஷ்டம்.

பிறகு மௌலவியிடம் காகிதத்தைக் கொடுத்தார்கள். மௌலவி இந்த முறை முதலில் அதைத் தனக்குள் வாசித்தார், வாசித்து முடிய ஒரு தடவை கலாநிதியைத் திரும்பிப் பார்த்தார். இருந்தாலும் மேடையில் நிற்கிற மனிதன், ஓதத் தொடங்கினார். இந்த ஊர் மக்களின் பொறுமையை ஏற்றுக்கொள்வாயாக என்றார். நிறுத்தினார். ஒருவரும் ஆமீன் சொல்லவில்லை. எங்கள் வள்ளங்களைப் போலவே எங்கள் கிணற்று மோட்டார்களையும் ஞானத்தின் அனுமதிக்குள் கொண்டு வருவாயாக என்றார். பந்தல் அப்படியே இருந்தது. வாடையில் படங்குத் துணி அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. சட்டியைத் திறக்கச் சொல்லிக் கலாநிதி கண்ணைக் காட்டினார். வாசனை வந்தது. அப்போதும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மௌலவி காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, ஏந்திய கையோடு அப்படியே நின்றார்.

அப்போது படங்குத் துணிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. முஃப்லிஹா எழும்பி நின்றிருந்தாள். ஒலிவாங்கி அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

“யா அல்லாஹ், ஹுனைஸ எங்களுக்குத் தா. ஹுனைஸ் அங்க தனிய நிக்கிறார். இந்தப் பெட்டிகளத் திற. எங்கட ஆக்கள் போகட்டும்.”

அவள் தன் வாயால் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பெண்கள் பக்கத்திலிருந்து ஆமீன் எழும்பியது. அதைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் பக்கம் சொன்னது, மௌலவி சொன்னார், மேடைப் படியில் நின்ற பணிவுக் குழுவில் ஒருவர் தன்னை மறந்து சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

பட்டுத்துணிக்குள்ளிருந்து ஞானி பேசியது. சபை கூட்டிய கூட்டத்தில் ஏகமனதான தீர்மானம் கிடைத்திருக்கிறது, கட்டளைப்படி வள்ளங்களைத் திறக்கிறேன் என்றது. முந்தைய நாள் காலையில் இருந்த அதே குரல், தயக்கம் ஒன்றும் இல்லை. கரை நீளத்துக்கும் மஞ்சள் அணைந்து பச்சை எரிந்தது. முனாஸ் போய் வாருங்கள் என்று தொடங்கி ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, அதைக் கேட்க ஒருவரும் நிற்கவில்லை. கதிரைகள் விழுந்தன. கலாநிதி, இது நிகழ்ச்சி நிரலில் இல்லை, உடனே நிறுத்து என்று தினுஷனைப் பார்த்துச் சத்தம் போட்டார். எந்தப் பொத்தான் என்று ஞாபகம் வரவில்லை சேர் என்று தினுஷன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்.

வள்ளங்கள் எல்லாம் போய்விட்டன. ஆண்கள் இல்லாத கரையில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். பிரியாணி அப்படியே ஆறிப் போனது. கலாநிதி வேனில் ஏறும் முன்னர் முஃப்லிஹாவிடம் வந்து, எப்படிப் பார்த்தாலும் இறுதி முடிவை எடுத்தது எங்கள் ஞானிதான் என்பதை மறந்துவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பின்னேரம், அஸர் தொழுகை முடிந்த நேரம் வள்ளங்கள் தெரிந்தன. எல்லாம் ஒன்றாக, மெதுவாக வந்தன. நடுவில் முனாஸின் வள்ளம் இன்னொரு வள்ளத்தைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. அது ஹுனைஸின் வள்ளம் என்று தூரத்திலேயே தெரிந்தது. கிட்ட வர வர, அதில் ஆள் இல்லை என்பதும் தெரிந்தது. முஃப்லிஹா தண்ணீருக்குள் இறங்கினாள். இடுப்பளவு வரை போய் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தாள்.

உள்ளே வலை நனையாமல் கிடந்தது. தண்ணீர்ப் போத்தல் வெறும் போத்தலாக உருண்டது. செருப்பு இருந்தது. அவசரத்துக்கு வைத்திருந்த இரண்டு தண்டில் ஒன்று இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு கரைக்கு நீந்தக் குதித்தானா, அல்லது தண்டு விழுந்து அதை எடுக்கக் குதித்தானா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பெட்டியின் மேல் பள்ளம் பள்ளமாக அடி விழுந்திருந்தது. நங்கூரத்தால் அடித்திருக்கிறான். கை ஓயும் வரை அடித்திருக்கிறான். நல்ல பெட்டி, உடையவில்லை. மஞ்சள் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

முனாஸ் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான். வள்ளத்தின் முன்புற அணியம் மணலில் தட்டியது. கரைக்கு வந்ததும் பெட்டிக்கு அறுந்த தொடர்பு திரும்பக் கிடைத்தது. மஞ்சள் அணைந்தது, பச்சை எரிந்தது.

“ஹுனைஸ்,” என்றது பெட்டி, கனிவாக. “போய் வாருங்கள்.”